கூடாரத்துக்குள் சூரப்புலி

கருவேலங்குளத்தில் ஒரு காட்டுப்பூனை இருந்தது. அதன் பெயர் சூரப்புலி. பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டு, தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர்!

பெயர்தான் பெரிது. சாப்பாடு பெரிதாக இல்லை. ஒரு மாதமாகச் சூரப்புலி வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தான். அதுவும் கிடைக்காத நாளில் தவளை.

குளத்தில் பறவைகளுக்கா பஞ்சம்? கொக்கும் உள்ளானும் தாழைக்கோழியும் மீன்கொத்தியும் விடிந்தால் போதும், கரை கொள்ளாமல் வந்து இறங்கிவிடும். எல்லாம் கண்ணுக்கு எட்டும். ஒன்றும் வாய்க்கு எட்டாது.

காரணம் சொக்கி.

சொக்கி ஓர் ஆட்காட்டிக் குருவி. மஞ்சள் கால், சிவப்பு மூக்கு, உடம்பைவிடப் பெரிய குரல். குளத்துக் கரையில் கூழாங்கல் மேடு ஒன்று உண்டு. அதன்மேல் நின்றுகொண்டு நாலு பக்கமும் பார்ப்பாள். மனிதன் வந்தாலும் சரி, நாய் வந்தாலும் சரி, ஓர் ஓணான் முறைத்துப் பார்த்தாலும் சரி, "வந்தாச்சு! வந்தாச்சு!" என்று குளமே அதிரக் கத்துவாள். அடுத்த நொடி கரை வெறிச்சோடிவிடும். வந்தவர் திரும்பிப் போனதும், "போயாச்சு! போயாச்சு!" என்பாள். பறவைகள் எல்லாம் மறுபடி வந்து இறங்கும்.

சொக்கிக்கு நான்கு குஞ்சுகள். முட்டையை விட்டு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பஞ்சு உருண்டைகளுக்குக் கால் முளைத்த மாதிரி இருந்தன. ஓடத் தெரியும். பறக்கத் தெரியாது. அம்மா "வந்தாச்சு" என்றால் இருந்த இடத்தில் அப்படியே படுத்துவிடும். படுத்துவிட்டால் எது குஞ்சு, எது கூழாங்கல் என்று எவராலும் சொல்ல முடியாது. அம்மா "போயாச்சு" என்றால்தான் எழுந்து ஓடும்.

அந்தக் குஞ்சுகள்மேல்தான் சூரப்புலிக்குக் கண். எத்தனை குஞ்சு என்று அவனுக்குத் தெரியாது. வாய் நிறைய வரும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அன்று காலையும் போனான். பனி இன்னும் விலகவில்லை. வயிறு தரையில் உரச, மூச்சை அடக்கி, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தான். மேடு நெருங்கிவிட்டது. இன்னும் ஒரே பாய்ச்சல்!

"வந்தாச்சு! வந்தாச்சு! மீசைக்காரன் வந்தாச்சு!"

குப்பென்று குளமே கிளம்பி வானத்துக்குப் போய்விட்டது. சூரப்புலி மேட்டின்மேல் ஏறி நின்றான். எங்கே பார்த்தாலும் கல். ஒரு கல்லை மோந்து பார்த்தான். கல்தான். இன்னொன்றை நக்கிப் பார்த்தான். அதுவும் கல்தான். அவன் வாலுக்குப் பின்னால் இரண்டு கல்லுக்குக் கண் இருந்தது அவனுக்குத் தெரியவில்லை.

சொக்கி மேலே இருந்து சர்ரென்று இறங்கி அவன் காதில் ஒரு கொத்து கொத்தினாள்.

"ஐயோ! போறேன் தாயே, போறேன்!"

"போயாச்சு! போயாச்சு!" என்று ஊருக்கே அறிவித்தாள் சொக்கி. அவமானமாக இருந்தது சூரப்புலிக்கு. காதைத் தடவிக்கொண்டே போய்க் கோரைப் புதரில் படுத்தான். "இவளுக்கு வாயில்லாமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் தொந்தி போட்டிருப்பேன்!" என்று முனகினான்.

அப்போதுதான் அவன் அதைப் பார்த்தான்.

தண்ணீர் ஓரத்தில், குஞ்சுகள் வந்து நீர் குடிக்கும் சேற்றுத் திட்டுக்குப் பக்கத்தில், ஒரு கூடாரம்! நேற்று இல்லை. இலை நிறத்தில் துணி. முன்பக்கத்தில் ஒரு ஓட்டை. கோரையை வெட்டி மேலே செருகியிருந்தார்கள்.

பனிக்குள்ளிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி சால்வை போர்த்தியிருந்தாள். அவள் கழுத்தில் யானைத் துதிக்கை மாதிரி நீளமான கேமரா. இன்னொருவர் தொப்பி போட்டிருந்தார்.

"வந்தாச்சு! வந்தாச்சு! மனுஷன் வந்தாச்சு!" என்று கத்தினாள் சொக்கி. கரை காலி.

இருவரும் கூடாரத்துக்குள் நுழைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொப்பிக்காரர் மட்டும் வெளியே வந்தார். வேண்டுமென்றே சத்தமாக இருமினார். கையை வீசி வீசி நடந்தார். கரையேறிப் பனிக்குள் மறைந்துவிட்டார்.

சொக்கி கழுத்தை நீட்டிப் பார்த்தாள். மனுஷன் வந்தான். மனுஷன் போனான். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும்.

"போயாச்சு! போயாச்சு!"

சூரப்புலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அடியே, இன்னும் ஒருத்தி உள்ளே இருக்காளே!"

சொக்கிக்கு அது எட்டவே இல்லை. கொக்கு வந்து இறங்கியது. உள்ளான்கள் ஓடி வந்தன. மீன்கொத்தி கூடாரத்தின் தலையிலேயே வந்து உட்கார்ந்தது! குஞ்சுகள் கூழாங்கல்லிலிருந்து எழுந்து, குடுகுடுவென்று ஓடி, கூடாரத்துக்கு எதிரே குனிந்து தண்ணீர் குடித்தன. ஒரு கை நீட்டினால் பிடித்துவிடலாம்!

கூடாரத்துக்குள்ளிருந்து மெதுவாக 'டக்டக்டக்' என்று சத்தம் வந்தது.

"கூடாரத்துக்குப் பல் கிட்டுது போல, குளிருதோ என்னவோ!" என்றது மீன்கொத்தி. மற்றவை எல்லாம் சிரித்துவிட்டு மேய்ச்சலைப் பார்த்தன.

வெயில் ஏறியது. எருமைகள் குளத்துக்கு வரும் நேரம். தொப்பிக்காரர் திரும்பி வந்தார். சால்வைக்காரி வெளியே வந்து குதித்தாள்.

"ஏங்க, வந்துச்சுங்க! நாலு குஞ்சும் என் மூக்குக்கு நேரே வந்துச்சு! ஆனா வரிசையா நிக்கலை. ஒண்ணு குனிஞ்சா ஒண்ணு ஓடுது. நாலும் சேர்ந்து குனிஞ்சு தண்ணி குடிக்கற மாதிரி ஒரே ஒரு படம் கிடைச்சா போதும்!"

"கிடைக்கும் செண்பகம், கிடைக்கும். நாளைக்கும் இதே வேலைதான். ரெண்டு பேரா வருவோம், நான் மட்டும் திரும்பிப் போவேன். இதுங்களுக்கு எண்ணத் தெரியாது. ஒரு ஆள் போறதைப் பார்த்தா எல்லாரும் போயிட்டாங்கன்னு நினைச்சுக்கும்."

கோரைப் புதரில் சூரப்புலியின் காது இரண்டும் நிமிர்ந்தன. வால் நிமிர்ந்தது. மீசையில் ஒவ்வொரு முடியும் நிமிர்ந்தது!

"எண்ணத் தெரியாதா! எண்ணவே தெரியாதா!"

தலைகால் புரியவில்லை அவனுக்கு. புதருக்குள்ளேயே மூன்று குட்டிக்கரணம் அடித்தான். ஒரு மாதமாகக் காதில் கொத்து வாங்கினோமே! வழி இவ்வளவு சுலபமா? ரெண்டு பேர் போக வேண்டும். ஒருத்தர் திரும்ப வேண்டும். அவ்வளவுதானே!

அந்த இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? ஓடினான் கீரிப்பிள்ளை நெளியனிடம்.

நெளியன் பாறை இடுக்கில் தலையை மட்டும் வெளியே நீட்டினான். "என்ன அண்ணே, இந்த வெயில்ல? காதுல என்ன ரத்தம்?"

"அதை விடு! நெளியா, உனக்கு எண்ணத் தெரியுமா?"

"எதை அண்ணே?"

"எதையாவது!"

நெளியன் யோசித்தான். "பாம்பு தெரியும். பாம்பு இல்லேன்னா அதுவும் தெரியும்."

"போடா மக்கு! எனக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியும்!" என்று நெஞ்சை நிமிர்த்தினான் சூரப்புலி. "அந்தச் சொக்கிக்கு அதுகூடத் தெரியாது. மனுஷங்க அவ கண்ணுலயே மண்ணைத் தூவறாங்க. நான் இப்பத்தான் பார்த்துட்டு வரேன்!"

நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். நெளியனுக்கு நாக்கில் நீர் ஊறியது. ஆனாலும் அவன் கீரி. சும்மா தலையாட்டுவானா?

"அப்போ நீங்க வெளியே போங்க அண்ணே. நான் உள்ளே இருக்கேன்."

"எண்ணத் தெரிஞ்சவன்தான்டா உள்ளே இருக்கணும்! நீ இருமிக்கிட்டே கையை வீசிக்கிட்டுப் போனா போதும். குஞ்சுல உனக்குப் பாதி."

"பாதின்னா எத்தனை?"

சூரப்புலி விழித்தான். "பாதின்னா... பாதிதான்! வா பேசாம!"

மறுநாள் விடியற்காலை. கிழக்கே இன்னும் சாம்பல் நிறம். செண்பகமும் அவள் கணவரும் இன்னும் வந்து சேரவில்லை. குளத்துக்கு மேலே பனி ஒரு பாய் விரித்த மாதிரி கிடந்தது. காட்டுப்பூனையும் கீரிப்பிள்ளையும் ஒருவர் பின் ஒருவராக நடந்து கோரைப் புதருக்குள் போனார்கள். ஒளியவே இல்லை. ஊரே பார்க்கட்டும் என்று போனார்கள்!

"வந்தாச்சு! வந்தாச்சு!"

பறவைகள் பறந்தன. குஞ்சுகள் படுத்தன. சற்று நேரம் கழித்து நெளியன் மட்டும் வெளியே வந்தான். "க்ஹும்! க்ஹும்!" என்று இருமினான். முன்னங்காலைத் தூக்கி வீசினான். அந்த வீச்சில் ஒருமுறை மூக்குக் குப்புற விழுந்தான். எழுந்து மறுபடி இருமிக்கொண்டு கரையேறினான்.

சூரப்புலி காதைத் தீட்டிக்கொண்டான். சொல்லுவாளா? சொல்லுவாளா?

"போயாச்சு! போயாச்சு!" என்றாள் சொக்கி.

சொல்லிவிட்டாள்! சூரப்புலி தன் வாலைத் தானே கடித்துக்கொண்டான், சந்தோஷத்தில் கத்திவிடக் கூடாதே என்று. பறவைகள் இறங்கின. குஞ்சுகள் எழுந்தன. குடுகுடுவென்று ஓடி வந்தன. வந்து...

கூடாரத்துக்கு எதிரே இருந்த சேற்றுத் திட்டில் போய்த் தண்ணீர் குடித்தன.

கோரைப் புதருக்கும் அந்தத் திட்டுக்கும் நடுவே வெட்டவெளி. பதுங்க ஒரு புல் கிடையாது. சூரப்புலி ஒரு கால் வெளியே வைத்தான். "வந்தாச்சு!" என்றது சொக்கியின் குரல். எல்லாம் போச்சு. காதில் இன்னொரு கொத்து.

"அண்ணே, பாதி எங்கே?" என்று ஓடி வந்தான் நெளியன்.

"இடம்தான் தப்பு! வழி சரி!" என்றான் சூரப்புலி மூச்சு வாங்க. "பார்த்தியா, நான் உள்ளே இருக்கறது அவளுக்குத் தெரியவே இல்லை! நாம போக வேண்டியது கோரைக்கு இல்லைடா. கூடாரத்துக்கு! அங்கே இருந்து குஞ்சுக்கு ஒரே எட்டு!"

"அங்கேதான் அந்தம்மா இருப்பாங்களே?"

"வராத நாளாப் பார்த்துப் போவோம்."

வராத நாள் வரவில்லை. அடுத்த நாள் வந்தார்கள். அதற்கடுத்த நாளும் வந்தார்கள். சால்வை உள்ளே இருக்கும். தொப்பி வெளியே போகும். குஞ்சுகள் நாளுக்கு நாள் வளர்ந்தன. கால் நீண்டது. ஓட்டத்தில் வேகம் வந்தது. ஒன்று இறக்கையை விரித்து ஒரு குதி குதித்துக்கூடப் பார்த்தது. அதைப் பார்த்த சூரப்புலிக்கு வயிறு எரிந்தது. பறக்கக் கற்றுக்கொண்டால் அப்புறம் ஆயுசுக்கும் வெட்டுக்கிளிதான்!

"நாளைக்கு விட்டா இல்லை, நெளியா! நாளைக்கு விட்டா இல்லை!"

அந்த நாளையும் விடிந்தது. அப்படி ஒரு பனியைக் கருவேலங்குளம் பார்த்ததில்லை. கொக்கு நிற்பது கொக்குக்கே தெரியாது. சூரப்புலியும் நெளியனும் கருவேல மரத்தடியில் பதுங்கிக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலடிச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து தொப்பி வந்தது. சால்வை வந்தது. அதற்குப் பின்னால், "மெதுவாப் போடி, வழுக்குது" என்று சொல்லிக்கொண்டு ஒரு மஞ்சள் துப்பட்டாவும் வந்தது. செண்பகத்தின் சிநேகிதி கல்யாணி. கூடாரம் எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசை அவளுக்கு.

தொப்பி உள்ளே நுழைந்தது. சால்வை நுழைந்தது. மஞ்சள் துப்பட்டாவும் நுழைந்தது.

சூரப்புலி எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்தான். ஆனால் என்ன செய்வது? அவனுக்குத் தெரிந்தது இரண்டு வரைக்கும்தான். இரண்டைத் தாண்டி எத்தனை பேர் வந்தாலும் அவன் கணக்கில் இரண்டுதான்!

"வழக்கம்போல ரெண்டு பேர்" என்று முணுமுணுத்தான்.

"இன்னைக்குக் கொஞ்சம் கூட்டமா இருந்த மாதிரி இருக்கே அண்ணே?"

"கூட்டமாவது ஒண்ணாவது! எண்ணத் தெரியாதவன் எண்ணக் கூடாது!"

சிறிது நேரத்தில் கூடாரத்தின் துணி விலகியது. தொப்பி வெளியே வந்தது. பின்னாலேயே மஞ்சள் துப்பட்டா வந்தது. "அடேயப்பா, உள்ளே ஒரு ஆள் உட்கார்றதே கஷ்டம்! எப்படித்தான் மணிக்கணக்கா இருக்காளோ!" என்று பேசிக்கொண்டே அந்த இரண்டும் கரையேறிப் போயின. தொப்பிக்காரர் மறக்காமல் இருமினார்.

சூரப்புலியின் கண் விளக்குப் போல எரிந்தது.

"ரெண்டு! ரெண்டும் போயாச்சு! ரெண்டு வந்துச்சு, ரெண்டும் போச்சு! கூடாரம் காலிடா நெளியா, காலி!"

"நிச்சயமா அண்ணே?"

"என்னை யாருன்னு நினைச்சே? சொக்கியா?"

இருவரும் கிளம்பினார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நேராகக் கூடாரத்தைப் பார்த்து நடந்தார்கள். "வந்தாச்சு! வந்தாச்சு!" என்று சொக்கி தொண்டை கிழியக் கத்தினாள். கூடாரத்தின் பின்னால் இருவரும் மறைந்தார்கள். நெளியன் மட்டும் வெளியே வந்தான். இருமினான். கையை வீசினான். இந்த முறை விழவில்லை. போய்விட்டான்.

சொக்கி பனிக்குள் உற்றுப் பார்த்தாள். வந்தது போய்விட்டது.

"போயாச்சு! போயாச்சு!"

பின்பக்கத் துணி கொஞ்சம் தூக்கியிருந்தது. சூரப்புலி அதன் வழியாக நுழைந்தான். உள்ளே ஒரே இருட்டு. மனித வாசம். அது இருக்கத்தானே செய்யும், தினமும் வருகிறார்களே! நடுவில் சால்வை போர்த்திய ஒரு மூட்டை இருந்தது. சாமானைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்தான். அதன் பக்கத்திலேயே வசதியாக உட்கார்ந்து முன்பக்க ஓட்டை வழியாகப் பார்த்தான்.

மூட்டையும் அதே ஓட்டை வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைக் கேமராவில் ஒட்டவைத்திருந்த செண்பகத்துக்குப் பக்கத்தில் யார் வந்தது, யார் உட்கார்ந்தது என்று ஒன்றும் தெரியாது. அவள் உலகமே அந்தச் சேற்றுத் திட்டில் இருந்தது.

கிழக்கே வெளிச்சம் வந்தது. பனி மெல்லப் பொன்னிறமானது. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. ஓர் இலை அசையவில்லை.

ஒரு குஞ்சு வந்தது.

சூரப்புலி மூச்சைப் பிடித்தான். செண்பகமும் மூச்சைப் பிடித்தாள்.

இன்னொன்று வந்தது. மூன்றாவதும் ஓடி வந்தது. நான்காவது வழியில் ஒரு புழுவைப் பார்த்து நின்றுவிட்டது.

வா வா என்று சூரப்புலி மனசுக்குள் கெஞ்சினான். செண்பகமும் அதையேதான் கெஞ்சினாள்!

புழுவை விழுங்கிவிட்டு நான்காவதும் வந்தது. நான்கும் தண்ணீர் ஓரத்தில் வரிசையாக நின்றன. பின்னால் காவலுக்குச் சொக்கி நின்றாள். அவள் பின்பக்கக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபத்து ஓர் எட்டு தூரத்தில், எதிரே உட்கார்ந்திருந்தது அந்தத் தாய்க்குத் தெரியவில்லை. நான்கு தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. தண்ணீருக்குள்ளிருந்து இன்னும் நான்கு தலைகள் அவற்றை முத்தமிட வந்த மாதிரி நிமிர்ந்தன.

சூரப்புலி பின்னங்காலை மடக்கினான். பாயப் போகும் பூனை எதுவானாலும் பின்பக்கத்தை ஓர் ஆட்டு ஆட்டும். அவனும் ஆட்டினான். வால் மூட்டையின் காலில் பட்டது.

அதே நொடியில் அவன் காதுக்கு மேலே டக்டக்டக்டக்டக் என்று இடி இறங்கியது!

"ம்ம்மியாவ்!"

"ஐயையோ! பாம்பு! பாம்பு!"

மூட்டை எழுந்து நின்றது! மூட்டைக்குக் கை இருந்தது, கால் இருந்தது, குரலும் இருந்தது! சூரப்புலி குஞ்சை மறந்தான், பசியை மறந்தான், தன் பெயரையும் மறந்தான். மேலே குதித்தான். கூரைத் துணியில் தலை முட்டியது. கொம்பு சாய்ந்தது. கூடாரம் மொத்தமும் அவன்மேல் விழுந்தது. துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, கண் தெரியாமல், கண்ட திசையில் ஓடினான்.

அவன் ஓடிய திசையில் குளம் இருந்தது. தொபீர்!

"வந்தாச்சு! வந்தாச்சு! வந்தாச்சு!" சொக்கி அலறினாள். நான்கு குஞ்சுகளும் சேற்றோடு சேறாகப் படுத்தன. குளத்துப் பறவை அத்தனையும் வானத்தில்.

தொப்பியும் மஞ்சள் துப்பட்டாவும் ஓடி வந்தார்கள். "என்ன ஆச்சு செண்பகம்? எங்கே பாம்பு?"

"பாம்பு இல்லீங்க, பூனை! காட்டுப்பூனை! என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்துச்சுங்க, டிக்கெட் வாங்கிட்டு வந்த மாதிரி!" செண்பகம் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "கிடைச்சிருச்சுங்க! நாலும்! ஒண்ணா குனிஞ்சு! பாருங்க, பாருங்க!"

மூவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கல்யாணி கை தட்டப் போய், சட்டென்று கையை நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

செண்பகத்தின் சிரிப்பு மட்டும் கொஞ்ச நேரத்தில் குறைந்தது. "ஏங்க, நான் படம் எடுக்க மறைஞ்ச இடத்துல அது கொல்ல மறைஞ்சிருக்கு. நான் இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா இந்தக் குஞ்சுங்க கதி? வேண்டாங்க. இன்னைக்கே கூடாரத்தை எடுத்துட்டுப் போயிடலாம்."

தண்ணீரில் கிடந்த துணியை இழுத்தார்கள், கொம்புகளைப் பிடுங்கினார்கள். சத்தம் போடாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். படுத்திருந்த குஞ்சுகளை மிதித்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார்கள்.

எதிர்க்கரையில் சூரப்புலி தண்ணீரிலிருந்து ஏறினான். ரோமம் எல்லாம் உடம்போடு ஒட்டிப் பாதி ஆளாகியிருந்தான். மீசையில் ஒரு பாசி தொங்கியது.

பாறைக்குப் பின்னாலிருந்து நெளியன் எட்டிப் பார்த்தான். "பாதி எங்கே அண்ணே?" என்று கேட்டான். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் பதிலுக்குக் காத்திருக்காமல் ஓடிவிட்டான்.

சொக்கி பறந்து வந்து சூரப்புலியின் எதிரே இறங்கினாள். இந்த முறை கொத்தவில்லை.

"போயாச்சுன்னு நானே என் வாயால சொன்னேனே! என் பேச்சை நம்பித்தானே என் பிள்ளைங்க எழுந்து வந்துச்சுங்க! நீ எப்படிடா உள்ளே இருந்தே?"

ஈரத்திலும் சூரப்புலிக்கு வாய் குறையவில்லை. "உனக்கு எண்ணத் தெரியாதுடி, மண்டு! நாங்க ரெண்டு பேர் போனோம். ஒருத்தன்தான் திரும்பினான். அதுகூட உனக்குத் தெரியலை. நீயெல்லாம் ஒரு காவல்!"

சொக்கி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கமாக இருந்தது. பொய்யா சொல்கிறான்? இல்லையே. அவள் தன் இடது காலைப் பார்த்தாள். வலது காலைப் பார்த்தாள்.

"நிஜம்தான். எனக்குத் தெரியலை" என்றாள். "இனிமே உள்ளே போற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கல்லை எடுத்து ஓரமா வைப்பேன். வெளியே வர ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணைத் திருப்பி வைப்பேன். ஒரு கல் மிச்சம் இருந்தாலும் போயாச்சுன்னு சொல்ல மாட்டேன். சரிதானே?"

சூரப்புலிக்கு அந்தக் கல் கணக்குப் புரியவில்லை. புரிந்த மாதிரி மீசையை நீவினான். பாசி கையோடு வந்தது.

சொக்கி பறக்க இறக்கையை விரித்தாள். ஏதோ நினைவு வந்து திரும்பினாள்.

"ஆமா, எனக்குத்தான் எண்ணத் தெரியாது. அந்தக் கூடாரத்துக்குள்ளே ஒரு அம்மா முழுசா உட்கார்ந்திருந்தாங்களே, அவங்களை நீ எண்ணலையா?"

சூரப்புலி மண்ணில் நகத்தால் கீறிக் கீறி எண்ணிப் பார்த்தான். ரெண்டு வந்தது, ரெண்டு போனது, அப்புறம் எப்படி ஒன்று மிச்சம் இருந்தது? எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் விடை கிடைக்கவில்லை. தலைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்த பறவைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. அந்தச் சிரிப்புத் தாங்காமல், ஈர வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு அவன் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டான்.

அடுத்தவருக்குத் தெரியாததைப் பார்த்துச் சிரிப்பவர், தமக்குத் தெரியாதது எது என்று பார்க்க மறந்து, அதிலேயே போய் விழுவார்.